மாப்பிள்ளைக்கு வால் துண்டு

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மருமகன் தட்டில் வஞ்சிரத்தின் வால் துண்டை வைத்தேன்.

இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று வெளியூர் வாசகர்களுக்குத் தோன்றும். ராயபுரத்துக்காரர்கள் இந்த இடத்தில் பத்திரிகையை மடக்கிவிட்டு, ‘இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்பதை அவர் தட்டில் இருக்கும் மீனைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுத்துண்டு — உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் ஒரே ஒரு முள்ளோடு இருப்பது — மாப்பிள்ளைக்கு. அதற்கு அடுத்தவை வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். தலை குழம்புக்கு. வால், சமைத்தவளுக்கு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. யாரும் மீறியும் நான் பார்த்ததில்லை.

நான் மீறினேன். காரணம், ஒரு ரத்தப் பரிசோதனை.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் மகள் பிரின்சியைத் தெரியும். போன வருடம் அவள் கல்யாணத்தில் சமையல்காரர் காணாமல் போன கதையை இங்கேதான் எழுதினேன். இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள். திருவொற்றியூரில் கணவன் வீடு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால், அவளுடைய மாத்திரை, ஸ்கேன், வாந்தி எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளை எடுத்தார்கள். சர்க்கரை சரி. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு — அது யாருக்குத்தான் குறைவாக இல்லை? கடைசியில் ஒரு வரி. ஹெபடைடிஸ் பி. அதற்கு எதிரே பாசிட்டிவ்.

ஹெபடைடிஸ் பி என்றால் கல்லீரலில் போய் உட்காரும் ஒரு வைரஸ். இதை நான் இன்டர்நெட்டில் தேடித் தெரிந்துகொள்ளவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ரத்தம் மூலம், உடலுறவு மூலம், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு... பரவும் வழிகள். ஐந்து மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் ஒரு வழியை விட்டுவிட்டால் ஒரு மதிப்பெண் குறைப்பேன்.

பிரின்சிக்கு போன் போட்டேன்.

“ஒடம்பு எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்கேன் மம்மி. மாங்காய் சாப்ட்டுனு இருக்கேன்.”

“கண்ணு மஞ்சளா இருக்கா?”

“காலைலேர்ந்து நாலு வாட்டி கேட்டுட்ட. வெள்ளையாத்தான் இருக்கு. நீ வேணா வீடியோ கால் போடு.”

போட்டேன். வெள்ளையாகத்தான் இருந்தது. பின்னால் என் மருமகன் டொமினிக் நின்றுகொண்டிருந்தார். கையில்லாத பனியன். வலது தோளில் பச்சை குத்திய நங்கூரம்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

டொமினிக் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். நல்ல பையன். அதிகம் பேசமாட்டார். கல்யாணத்துக்கு முன்பு சிநேகிதர்களோடு ஏதோ ஒரு கோயில் திருவிழாவுக்குப் போனவர், அங்கே தெருவோரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் வரிசையாக எல்லோரும் ஆளுக்கொரு நங்கூரம் குத்திக்கொண்டு வந்தார்களாம். பெண் பார்க்க வந்தபோது அவரே சொன்னார். எல்லோருக்கும் ஒரே ஊசி. இதை அவர் சொல்லவில்லை. நான் முடிவு செய்தேன்.

ஆக, வழக்கு முடிந்தது. சாட்சி தோளிலேயே இருக்கிறது. பாவம் என் மகள்... அவள் வயிற்றில் இருக்கும் குழந்தை என்ன செய்தது?

பரவும் வழிகளில் மூன்றாவது ஒன்று இருந்ததே என்று கேட்கிறீர்களா? கேள்வித்தாளில் அது நினைவுக்கு வருகிறது. வீட்டில் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரின்சியும் அவரும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு தனித் தட்டு, ஒரு தனி டம்ளர் எடுத்து வைத்தேன். தட்டில் வால். சாப்பாடு, டம்ளர், பக்கத்தில் உட்காருவது இதிலெல்லாம் பரவாது என்று பாடம் நடத்துகிறவளும் நான்தான். பாடம் வேறு, சமையலறை வேறு.

என் கணவர் லாரன்ஸ், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் கவனிக்காத மனிதர். மீனை மட்டும் கவனிப்பார். அடுப்படிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இன்னா டீச்சர் பண்ணிகினு கீற? மாப்ளைக்கு வாலா?”

“கை தவறிப் போச்சு.”

“கை தவறினா எனக்குல்ல வால் வரணும். இன்னாத்துக்கு அவருக்குப் போச்சு?”

கூடத்தில் டொமினிக் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைத்துவிட்டு, பொறுமையாகச் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது, “குழம்பு நல்லா இருந்துச்சு அத்தை” என்றார். தட்டை அவரே கழுவி வைத்தார். அதன் பிறகு நான் அதை வெந்நீரில் இன்னொரு முறை கழுவினேன்.

அடுத்த வாரம் வாசலில் கூடையை இறக்கிய மீன்காரம்மா செல்வியிடம் வஞ்சிரம் வேண்டாம், விலை குறைந்த சங்கரா போதும் என்றேன். அவர் கூடையை மூடாமல் என்னையே பார்த்தார்.

“இன்னா டீச்சர், மாப்ள ஊர்ல இல்லியா?”

“இருக்காரே.”

“இருக்காரு. ஆனா சங்கரா.” கொஞ்சம் யோசித்தார். “தகராறா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல செல்வி.”

“சரி, எனக்கு இன்னா வந்துது. பொண்ணு புள்ளத்தாச்சியா கீது. பேஜார் பண்ணிக்காத.”

ஒரு குடும்ப ரகசியம் எங்கள் தெருவில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் வஞ்சிரமே வாங்கினேன். ஆனால் வால் மாறவில்லை.

இதற்கிடையில் பிரசவம் பார்க்கும் டாக்டர், கல்லீரல் நிபுணர் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். இளம் வயது டாக்டர். எதையும் அவசரப்படாமல் சொல்கிற ஆள். பிரின்சி அவர் எதிரே உட்கார்ந்தாள். ஒரு பக்கம் டொமினிக். இன்னொரு பக்கம் நான். பின்னால் லாரன்ஸ்.

“பாசிட்டிவ்னா இப்போதைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்” என்றார் டாக்டர். “வைரஸ் உடம்புல இருக்கு. எவ்ளோ இருக்கு, எத்தனை வருஷமா இருக்கு, லிவரை ஏதாவது பண்ணுதா, இது எதையும் இந்த ஒரு டெஸ்ட் சொல்லாது. அதுக்கு வேற டெஸ்ட் எடுக்கணும்.”

“ஆனா நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்?” என்றாள் பிரின்சி.

“இருப்பீங்க. இந்த வைரஸ் இருக்கிற நிறையப் பேர் அப்படித்தான் வருஷக்கணக்கா இருப்பாங்க. நல்லா இருக்கிறது சந்தோஷம். ஆனா அதை வெச்சு லிவருக்கு சர்ட்டிபிகேட் குடுக்க முடியாது. லிவர் லேசுல சத்தம் போடாது.”

“குழந்தைக்கு?” என்று டொமினிக் கேட்டார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

“வராமத் தடுக்கலாம். பொறந்த உடனே, அன்னிக்கே, கொஞ்ச மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊசி போடணும். ஒண்ணு தடுப்பூசி. இன்னொண்ணு, ரெடிமேடா எதிர்ப்பு சக்தி குடுக்கிற ஊசி. அப்புறம் மீதி டோஸ் எல்லாம் தவறாமப் போடணும். அம்மாவுக்கு வைரஸ் ரொம்ப அதிகமா இருந்தா, கடைசி மாசங்கள்ல மாத்திரையும் தருவோம். தாய்ப்பால் தாராளமாக் குடுக்கலாம்.”

டொமினிக் அதைத் திரும்ப ஒருமுறை கேட்டார். டாக்டர் திரும்ப ஒருமுறை சொன்னார்.

நான் காத்திருந்த நேரம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“இது இவளுக்கு யார்கிட்டேர்ந்து வந்திருக்கும் டாக்டர்?”

கேட்டுவிட்டு நங்கூரம் இருக்கும் தோளைப் பார்த்தேன். அன்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அதுவும் எனக்கு ஒரு சாட்சியாகப் பட்டது.

டாக்டர் தோளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அம்மா, நீங்க எப்பவாவது இந்த டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

“எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர். நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“உங்க பொண்ணும் இப்போ அதைத்தான் சொன்னாங்க.”

தலைக்கு மேலே மின்விசிறி டக் டக் என்று சத்தம் போட்டது. அது லிவர் மாதிரி இல்லை.

நான், லாரன்ஸ், டொமினிக் மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம். ஆளுக்கு மூன்று பரிசோதனைகள். வைரஸ் இப்போது இருக்கிறதா, எப்போதாவது வந்து போனதா, உடம்பில் எதிர்ப்பு சக்தி உண்டா என்று மூன்றும் சேர்ந்துதான் முழுக் கதையைச் சொல்லுமாம்.

முடிவு வரும் நாளில் மறுபடியும் அதே அறை, அதே நாற்காலிகள். டாக்டர் முதலில் டொமினிக் தாளை எடுத்தார்.

“உங்களுக்கு எதுவும் இல்ல. வைரஸ் வந்ததே இல்ல. எதிர்ப்பு சக்தியும் இல்ல. சாப்பாட்ல, தண்ணில இது பரவாது, ஆனாலும் நீங்க தடுப்பூசி போட்டுக்கணும். இன்னிக்கே முதல் டோஸ் போட்டுடலாம்.”

டொமினிக் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை.

அடுத்து லாரன்ஸ். அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“டாக்டர், எனக்கு ரெண்டு எடத்துல பாசிட்டிவ் போட்டுக்கீது.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“உக்காருங்க சார். இது பயப்பட வேண்டிய பாசிட்டிவ் இல்ல. உங்களுக்கு எப்பவோ வந்து, உங்க உடம்பே அதை விரட்டியிருக்கு. பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் அப்படித்தான், தானாப் போயிடும். இப்போ உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கு.”

“எப்போ வந்துது? நான் ஒரு நாள் லீவு போட்டதில்லியே.”

“தெரியாமலே வந்து போயிருக்கலாம்.”

லாரன்ஸ் யோசித்தார். வாழ்நாள் முழுவதும் கப்பல் கணக்குப் பார்த்தவர். அவருக்கு எதுவும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

“அதாவது, கப்பல் வந்து போயிருக்குது. இப்போ கப்பல் நிக்கிற பெர்த் காலி.”

“அப்படியே வெச்சுக்கலாம்” என்றார் டாக்டர்.

“மாப்ளைக்கு கப்பலே வர்ல.”

“ஆமா.”

“எம் பொண்ணுக்கு நின்னுகினு கீது.”

“ஆமா. ஆனா வைரஸ் அளவு கம்மியாத்தான் இருக்கு. லிவரும் நல்லா இருக்கு. இப்போ மாத்திரை வேண்டாம்.”

“டீச்சருக்கு?”

டாக்டர் கடைசித் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“நிக்குது சார். ரொம்ப வருஷமா.”

டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு வந்தால் போய்விடுகிற இதே வைரஸ், பிறக்கும்போதே குழந்தைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் போகாதாம். கூடவே வளருமாம். பிரின்சி பிறந்த காலத்தில் எனக்கு இந்தப் பரிசோதனையை யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு அந்த ஊசிகளை யாரும் போடவில்லை. “உங்க தப்பு இல்லம்மா” என்றும் சொன்னார். தப்பு யாருடையது என்று அத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தவளிடம் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

எனக்கு எங்கிருந்து வந்தது? அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு பதில் தோன்றியது. என் அம்மா, வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இறந்துபோனாள். ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. அப்பா குடிப்பார். ‘அவன் குடிச்சான், இவ ஒடம்புல எறங்கிருச்சு’ என்று சாவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அப்பா கடைசிவரை அதற்குப் பதில் சொல்லவில்லை. அம்மாவின் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை, அதனால் இதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்தவரை, எங்கள் குடும்பத்தில் வைரஸ் பெண்கள் வழியாக வந்திருக்கிறது. சந்தேகம் மட்டும் ஆண்கள் வழியாகப் போயிருக்கிறது.

வெளியே வந்தோம். லாரன்ஸும் பிரின்சியும் மருந்துக்கடை வரிசையில் நின்றார்கள். தடுப்பூசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே டொமினிக் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“டீ சாப்ட்றீங்களா அத்தை?”

“மாப்ள... அந்த டாட்டூ...”

“தெரியும் அத்தை. வூட்டுக்கு வந்தப்பலாம் நீங்க அதையேதான் பாத்துகினு இருந்தீங்க. வால் துண்டு வெச்ச அன்னிக்கே தெரியும்.”

“அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?”

அவர் சாலையைப் பார்த்தார். ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

“எனக்கே டவுட்டு அத்தை. நான்தான் குடுத்துட்டனோன்னு. கிரேன் மேல ஏறி உக்காந்தா அதே நெனப்பு. புள்ளைக்கும் போயிடுமேன்னு...” நிறுத்திக்கொண்டார். “உங்களுக்கு சக்கரை போடலாமா, கம்மியா?”

டீ வந்தது.

நாம் எல்லோரும் இப்படித்தானே? உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றால், நமக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பரிசோதனை என்பது நோயாளிகளுக்கு. நோயாளி என்பவர் எப்போதும் அடுத்தவர். தாளில் ஒரு பாசிட்டிவ் வந்துவிட்டால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுகிறோம். பாடம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரமே பிடித்துவிடுகிறோம்.

எனக்கு இப்போதைக்கு மருந்து இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்ற வார்த்தையை முன்பு போல் நம்ப முடியவில்லை. ராத்திரியில் விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கிறேன். லிவர் சத்தம் போடாது என்று தெரிந்தும்தான்.

பிரின்சிக்கு இது ஏழாம் மாதம். சமீபத்தில் மறுபடியும் பார்த்ததில் வைரஸ் அளவு ஏறவில்லை. குழந்தைக்குப் போட வேண்டிய இரண்டாவது ஊசி எல்லா இடத்திலும் எல்லா நேரமும் இருக்காது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான். டொமினிக் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போன் செய்து, “அந்த ஊசி ஸ்டாக் கீதாங்க?” என்று கேட்கிறார். எடுப்பவர் இப்போதெல்லாம் பெயரைக் கேட்பதில்லையாம். “இருக்கு சார்” என்று சொல்லி வைத்துவிடுகிறாராம். பிறந்த பிறகும் உடனே நிம்மதியாகிவிட முடியாது. ஊசி வேலை செய்ததா என்பது, எல்லா டோஸும் முடிந்து, குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். காத்திருக்க வேண்டும். வேறு என்ன செய்ய?

முடிவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன்.

செல்வியிடம் பெரிய வஞ்சிரமாக வாங்கினேன். “சமாதானமா?” என்றார். காசைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். அலமாரியிலிருந்து அந்தத் தனித் தட்டையும் தனி டம்ளரையும் எடுத்து எனக்கு வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. டொமினிக் தட்டில் நடுத்துண்டு வைத்தேன். அதற்கு மேல் இன்னொரு நடுத்துண்டும் வைத்தேன். என் தட்டில் வால்.

டொமினிக் என் தட்டைப் பார்த்தார். பிரின்சி என் டம்ளரைப் பார்த்தாள். அவள் எட்டி எடுத்து, நான் குடித்து மீதி வைத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“எனக்குத்தான் ஏற்கெனவே குடுத்துட்டியே மம்மி. இன்னும் இன்னா?”

நான் சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்வதற்குள், டொமினிக் தன் தட்டிலிருந்து ஒரு நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். என் தட்டில் இருந்த வாலைக் கையாலேயே எடுத்துக்கொண்டார்.

“மாப்ள, அது நான் கை வெச்சது...”

“சாப்பாட்ல பரவாதுன்னு டாக்டர் சொன்னாரே அத்தை.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்களும் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறீங்களாமே.”

லாரன்ஸ் இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விவகாரத்தில் வந்த கப்பலைத் தானே அனுப்பிவைத்த ஒரே ஆள்.

நான் எட்டி, மாப்பிள்ளையின் தட்டிலிருந்த வாலை எடுத்து என் கணவர் தட்டில் வைத்தேன். அவர்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் மீன் என்றால் வால் இருக்குமே... யாராவது சாப்பிடத்தானே வேண்டும்?